பிரௌசர் மாத்துன பேராண்டிக்கு

இன்னாடா பேராண்டி, மூஞ்சில இம்மாம் பவுசு? பிரௌசர மாத்திட்டியாமே! குரோம தூக்கிக் கடாசிட்டு ‘உலா’வுக்கு வந்துட்டேன்னு அஸ்தினாபுரம் டீக்கட வரைக்கும் தண்டோரா போட்டுட்டு வர்ற. கண்ணாலம் ஆனவன்கூட இத்தினி பேருக்குச் சொல்ல மாட்டான்.

நல்ல காரியந்தான், இல்லேங்கல. கூடுவாஞ்சேரி பக்கம் ஆபீசு வச்சிருக்கிற ஸோஹோ 2023 மே மாசம் வுட்ட சரக்கு. மத்திய அரசு வச்ச இந்திய பிரௌசர் போட்டியில 2025-ல முதல் பரிசு, 1 கோடி ரூபா வாங்கிச்சு. உங்கிட்ட காலணா கேக்கல. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன், எதுல வேணா ஏறும்.

ஆனா கண்ணு, குரோம கடாசிட்டேன்னியே, எங்க கடாசுன? உலாவுக்குள்ள ஓடுறதும் குரோமியந்தானே! கூகிள்காரன் ஊருக்கே தொறந்து வச்ச இஞ்சினு அது. எட்ஜு, பிரேவு, ஓப்பரா எல்லாத்துக்கும் அதே கதிதான். குரோம்பேட்ட ஸ்டேஷன்ல ஷேர் ஆட்டோக்கு ஆளுக்கொரு பெயிண்டு அடிச்சு வச்சிருக்கானே, அந்தக் கணக்கு. ஃபயர்ஃபாக்ஸ்காரன் பிடிவாதமா தனி இஞ்சினு வச்சு ஓட்டறான். உன் அக்கா வச்சிருக்கிற ஐபோன்ல இன்னும் கூத்து. நம்ம நாட்டுல அதுல எந்த பிரௌசர ஏத்துனாலும் உள்ள ஆப்பிளோட வெப்கிட்டுதான் ஓடணும். அப்படி ஒரு சட்டம் போட்டு வச்சிருக்கான்.

அப்போ உலா வீணான்னு கேக்குறியா? எவன்டா சொன்னான்? இஞ்சினு ஒண்ணா இருந்தா இன்னா, ஓட்டுறவன் யாருன்னு இல்லியா? நீ போற எடமெல்லாம் பின்னாடியே வந்து வேவு பாக்கறவன அது தடுக்குது. அஞ்சு மோடு வேற குடுத்திருக்கான். ஆபீசு வேலைக்கு ஒண்ணு, சொந்த சோலிக்கு ஒண்ணு, புள்ளைங்களுக்கு ஒண்ணு, புரோகிராம் எழுதறவனுக்கு ஒண்ணு. அஞ்சாவது ‘ஓப்பன் சீசன்’. அதுல தடுப்பெல்லாம் கழண்டுடும், வர்றவன் போறவன் யாரு வேணா எட்டிப் பாக்கலாம்.

நீ எதுல கீற, சொல்லு பாப்பம்?

ஏன்டா முழிக்கிற? கிரிக்கெட்டு சைட்டு ஒண்ணு விளம்பரத்தக் காட்டுனாத்தான் தொறப்பேன்னுச்சு, ஒடனே ஓப்பன் சீசனுக்குத் தாவிட்ட. அங்கியே குடித்தனமும் பண்ற. வேவுக்காரனுக்கு பயந்து வூடு மாறுனவன், புது வூட்டுக்கு கதவே வேணாம்னுட்டியே, இது எந்த ஊரு சாமர்த்தியம்? பத்தாததுக்கு உள்ள பூந்த ஒடனே பழைய கூகிள் கணக்கத் தட்டி, ‘நாந்தான் வந்திருக்கேன்’னு அட்டெண்டன்சு வேற குடுத்திருக்க.

செரி, போன இப்பிடி குடு. இந்த நோட்டிஃபிகேஷனுக்கெல்லாம் ‘அலோ’ அமுக்குனது யாரு, நானா? நடுராத்திரி டிங்குன்னு அடிச்சு லோன் வேணுமாங்குறான். வேணுமா உனக்கு? வேணாம்னா செட்டிங்குல போயி ஒவ்வொண்ணா நிறுத்து. நான் அதுக்குள்ள ஒரு டீ சொல்றேன். காசு நீ குடு.