கோச்சைத் தூக்குறவர்

திருத்தணி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் காலை 7 மணிக்கே யாரையோ வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தால், அவரை முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சென்னையின் எஃப்.சி. ரசிகர். ஊரே கிரிக்கெட் பார்க்கிறது. கால்பந்துக் கவலை மொத்தத்தையும் இவர் ஒருவரே சுமக்கிறார்.

ஆட்டமுள்ள நாளில் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து, கடைசி வண்டியில் திரும்புவார். அணி தோற்றிருந்தால் நிர்வாகக் கூட்டம் ரயிலிலேயே தொடங்கிவிடும். வில்லிவாக்கத்தில் டிஃபென்ஸ் சரியில்லை. திருவள்ளூரில் கோச்சின் மூளையே சரியில்லை. அரக்கோணத்தில் கோச்சைத் தூக்கியாயிற்று. திருத்தணியில் இறங்குவதற்குள் புதியவர் பதவியேற்றுவிடுவார். சூரனை வென்று வந்த முருகனுக்கே இந்த மலையில்தான் சினம் அடங்கியதாம். இவருக்கு மட்டும் அடங்குவதாக இல்லை.

"அவசரப்படாதீங்கண்ணா" என்று யாராவது சொன்னால் வரலாற்றை எடுப்பார். திருத்தணி 1960-இல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. "ஸ்டேட்டையே மாத்திக்கின ஊருப்பா இது. ஒரு கோச்சை மாத்த முடியாதா?"

இத்தனைக்கும் மலையடிவாரத்தில் இருக்கும் அவருடைய பூஜைச் சாமான் கடையில் ஒரு உதவியாளர் உண்டு. வெற்றிலை கேட்டால் கற்பூரம் கொடுப்பார். ஐம்பது ரூபாய்க்கு அறுபது ரூபாய் சில்லறை தருவார். அவரை மாற்றக் கூடாதா என்றால் நம்மவர் பதறிப்போவார். "பழகிட்டான்பா. புதுசா ஒருத்தனை வெச்சா மொதல்லேர்ந்து சொல்லித் தரணும்." கோச்சை வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்களிடம் இதைவிட நல்ல வாதம் ஒன்றை நான் கேட்டதில்லை.

அவரிடம் இரண்டு கதைகள் கைவசம் உண்டு. கோச்சைக் காப்பாற்ற வேண்டுமானால் 2015-ஐச் சொல்வார். மத்தெராஸி பயிற்சியாளர். அணி பட்டியலின் அடியில் கிடந்து, எழுந்து வந்து இறுதி ஆட்டத்தை எட்டியது. கோவாவின் ஃபடோர்டாவில் 90-ஆவது நிமிடம் நெருங்கும்போது கோவா 2–1 என்று முன்னிலை. பிறகு கோவா கோல்கீப்பரே ஒரு கோலைத் தன் வலைக்குள் தள்ளிக்கொண்டார். இஞ்சுரி டைமில் மென்டோசா இன்னொன்று போட்டார். கப்பு நமக்கு. "அன்னிக்கு நானு பொறுமையா இருந்தேன் பாரு" என்பார். டீ மாஸ்டர் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

கோச்சைத் தூக்க வேண்டுமானால் ஜான் கிரிகரி. 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அதன் ஊரிலேயே 3–2 என்று வீழ்த்தி இரண்டாவது கப்பு வாங்கித் தந்தவர். நம்மவர் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டார். முடி வளர்ந்து சீப்பு படுவதற்குள் அணி பத்தில் பத்தாவது இடம்: 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி. ஆனாலும் கிளப் கிரிகரியை அனுப்பவில்லை. அடுத்த சீசனில் 6 ஆட்டத்துக்கு ஒரே வெற்றி; அவரே கிளம்பிவிட்டார். ஓவன் காய்ல் வந்து அதே ஆட்களை வைத்துக்கொண்டு 2020 இறுதி ஆட்டம் வரை போனார். "பாத்தியா, மாத்துனாத்தான் உருப்படும்!"

என்னைக் கேட்டால் கிரிகரி கதை எந்தக் கட்சிக்கும் உதவாது. வைத்துப் பார்த்தார்கள், தேறவில்லை. ஆள் மாறினார், கொரோனாவால் காலியாகக் கிடந்த மைதானத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் ஏ.டி.கே. அணியிடம் 1–3 என்று தோற்றார்கள். அதற்கடுத்து லாஸ்லோ, பண்டோவிச், பிர்டாரிச் என்று சீசனுக்கு ஒருவராக வந்தார்கள். மூன்று சீசனிலும் 8-ஆவது இடம். இதை நம்மவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அப்போ கோச்சு மேல தப்பில்ல. அந்த எட்டாவது எடத்தைத் தூக்கணும்."

அவருக்கு உண்மையான சோதனை 2023-இல் காய்ல் திரும்பி வந்ததில் தொடங்கியது. தானே கடவுளாக்கிய ஆள். முதல் சீசன் 6-ஆவது இடம், பிளே-ஆஃப். ஊரில் நடமாட முடிந்தது. 2024–25-இல் 13 அணிகளில் 11-ஆவது. டீ மாஸ்டர் விடுவாரா? "இன்னாண்ணா, தூக்கிடலாமா?"

"ஏம்பா, ஆடுறவன் ஓடலைன்னா அவரு இன்னா பண்ணுவாரு?"

அரக்கோணம் தாண்டியும் கோச் பதவியில் நீடித்தது அந்த ஒரு சீசனில்தான்.

2025-இல் காய்ல் போனார். கோவாக்காரர் கிளிஃபர்ட் மிராண்டா வந்தார். நம்மவர் அவரைத் தூக்கத் தயாராக உட்கார்ந்திருந்தபோது, செப்டம்பர் வாக்கில் தொடங்கவேண்டிய ஐ.எஸ்.எல். லீக் அப்போது தொடங்கவே இல்லை. ஒப்பந்தச் சிக்கலாம். தோற்க ஆட்டமே இல்லாத கோச்சை எதைச் சொல்லித் தூக்குவது? மனிதர் இளைத்துப்போனார். பேப்பரைப் புரட்டி, மடித்து, பேசாமல் கடைக்குப் போய்விடுவார்.

அக்டோபரில் கோவாவில் இந்தியா சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்று ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை இழந்தது. மறுநாள் காலையில் பழைய குரல் தெருமுனை வரை கேட்டது. இந்திய அணியின் கோச் கலித் ஜமீலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அவரு வந்து ரெண்டு மாசம்தானண்ணா ஆவுது" என்றார் மாஸ்டர்.

"ரெண்டு மாசம் பத்தாதா? ரெண்டு மாசத்துல கும்பாபிஷேகமே முடிச்சிடலாம்பா!"