கணக்கு எழுதப்போற பேரனுக்கு

வாடா கண்ணு, உக்காரு. இந்த வருசம் மாரியம்மன் பண்டிகைக் கணக்கு நோட்டை உன் கையில குடுத்துட்டாங்களாமே! கம்பைநல்லூர்ல கணக்கு எழுதறது லேசுப்பட்ட வேலையா? பந்தலுக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவுன்னு டீக்கடையில உக்காந்தே நோண்டுவானுங்க. பயப்படாதே, உனக்கு நல்ல வாத்தியாருங்க இருக்காங்க. ராப்பகலாத் தடவிக்கிட்டு இருக்கியே போனு, அதுக்குள்ளயே இருக்காங்க.

2021 பிப்ரவரியில டில்லியில ஒரு விதி போட்டாங்க. 50 லட்சம் பேருக்கு மேல சேர்த்து வெச்சிருக்கிற சோசியல் மீடியா கம்பெனி எல்லாம் மாசாமாசம் அறிக்கை விடணும். எத்தனை புகார் வந்துச்சு, அதுக்கு என்ன பண்ணீங்க, நீங்களாத் தேடி எத்தனை பதிவைத் தூக்கினீங்கன்னு சொல்லணும். விதியில குத்தமில்ல. அதுக்கு வந்த பதிலைப் பாரு, அங்கதான் வித்தை இருக்கு.

வாட்ஸ்அப் மொத அறிக்கையில, அதே வருசம் மே 15-லருந்து ஜூன் 15 வரைக்கும் இந்தியாவுல 20 லட்சம் கணக்கை முடக்கினோம்னு போட்டான். சனங்ககிட்டருந்து வந்த புகார் 345. நடவடிக்கை எடுத்தது 63. அந்த ‘நடவடிக்கை’க்கு ஒரு விளக்கமும் எழுதியிருக்கான் பாரு: புகாரைப் பார்த்து ஒரு கணக்கை முடக்கினாலும் நடவடிக்கைதான், முன்னாடி முடக்கினதைத் திருப்பிக் குடுத்தாலும் நடவடிக்கைதான். அடடா! நீயும் வசூலையும் செலவையும் ஒரே கட்டத்துல போட்டு, மேல ‘பணம் புழங்கியது’ன்னு எழுதிடு. எவன் வந்து கேக்கறான்னு பாத்துக்கலாம்.

பேஸ்புக்கு அதே மாசத்துல 3 கோடிக்கும் மேல பதிவைத் தூக்கினேன்னான். படிக்கறவன் மலைச்சுப் போவான். அதுல 2 கோடியே 50 லட்சம் வெறும் ஸ்பேம். அதையெல்லாம் யாரும் சொல்றதுக்கு முன்னாடி மெஷினே புடிச்சிடுச்சாம், நூத்துக்கு 99.9. ஆனா ஒருத்தரை ஒருத்தர் மிரட்டறது, அசிங்கப்படுத்தறதுன்னு ஒரு வரிசை இருக்கு. அதுல மெஷின் தானாக் கண்டுபுடிச்சது நூத்துக்கு 36.7 தான். மிச்சமெல்லாம் அடிபட்டவனோ பார்த்தவனோ வந்து சொன்ன பிறகுதான். அது ஆளையும் இடத்தையும் பொறுத்த சமாச்சாரம், மெஷினுக்குப் புடிபடலைன்னு காரணம் சொன்னான். காரணம் நிசந்தான். ஆனா நோவு இருக்கிறது அந்த வரியிலதானே? அதுக்கு மேல 3 கோடியைத் தூக்கி வெச்சா எவன் கண்ணு கீழ போகும்? பெரிய எண்ணை எப்பவும் மேல எழுதுடா, பொழைச்சுக்குவ.

இன்னொண்ணு கேளு, இதுதான் எனக்குப் பொறுக்கல. ஐரோப்பாவுல சட்டமே இருக்கு. பெரிய கம்பெனிங்க, அங்க ஆட்சி நடக்கிற ஒவ்வொரு மொழிக்கும் எத்தனை ஆளை வெச்சுப் பதிவுங்களைப் பாக்கறோம்னு எழுதியே ஆகணும். மால்டான்னு ஒரு தீவு. நம்ம தர்மபுரி மாவட்டத்துச் சனம் 2011-லயே 15 லட்சம், அந்தத் தீவுல அதுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் வரும். அவங்க மொழிக்கும் கணக்கு குடுக்கணும். தமிழ் பேசறவங்க 7 கோடிக்குப் பக்கம். நமக்கு எத்தனை பேருன்னு சொல்லணும்னு நம்ம விதியில ஒரு வரி கிடையாது. கேக்காததை எவன் எழுதுவான்?

கம்பெனியை மட்டும் சிரிச்சா எப்படி? சர்க்கார் ‘இதைத் தூக்கு’ன்னு ஐ.டி. சட்டத்து 69ஏ பிரிவுல உத்தரவு போடுதே, அது ரகசியம்னு 2009-லயே 16-ஆம் விதி எழுதி வெச்சாச்சு. அடுத்தவன் கணக்கை மாசாமாசம் கேப்பாங்க, அவங்க நோட்டு மட்டும் பெட்டிக்குள்ள. பண்டிகைக் கமிட்டித் தலைவருகூட இவ்வளவு தைரியசாலி இல்லடா.

சரி, விளையாட்டு போதும். நாளைக்கு உன் வீடியோவை ஒரு கம்பெனி தூக்கிடுச்சுன்னு வெச்சுக்க, தலையில கை வெச்சுட்டு உக்காராதே. அந்தக் கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுது. 24 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், 7 நாளுக்குள்ள தீர்க்கணும். பதில் சரியில்லைன்னா 30 நாளுக்குள்ள மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போ. 2023-லருந்து மூணு குழு இருக்கு. எழுதறப்ப ஒரு வரி சேர்த்துக்கோ: என் வீடியோவைப் பார்த்த ஆளுக்குத் தமிழ் தெரியுமா?