நீங்க போங்க!

நெதர்லாந்தில் சைக்கிளில் ஊர் சுற்றப் போகிறேன் என்றதும் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். "அங்கே எதுக்கெடுத்தாலும் அபராதம். வலப்பக்கமா ஓட்டணும். சிக்னலைத் தாண்டினா தொலைஞ்சீங்க." பேசாமல் கேட்டுக்கொண்டேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போதே, டபுள்ஸ் போன குற்றத்துக்காக டிராபிக் போலீஸ்காரர் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட, வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான். எனக்கா சட்டம் தெரியாது?

போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்த ஊரில் விதிக்குக் கட்டுப்படுவது சுலபம். விதி நமக்குக் கொடுக்கிற உரிமையை எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

என் சகலை ஐந்தோவனில் வேலை பார்க்கிறார். அவரும் அவருடைய மகளும் நானுமாக நூனன் வழியாக டென் பாஸ் வரை போவதாகத் திட்டம். தலைமைப் பொறுப்பு மகளுக்கு. வயது பதினொன்றுதான். ஆனால் எங்கள் மூவரில் முறையாகப் பரீட்சை எழுதித் தேறியவள் அவள் ஒருத்திதான். அங்கே தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துத் தேர்வு வைத்துவிடுகிறார்கள். முதலில் எழுத்துத் தேர்வு. பிறகு நிஜமான ரோட்டில் ஓட்டிக்காட்ட வேண்டும். திரும்புவதற்கு முன் பின்னால் பார்க்கிறானா, கையை நீட்டுகிறானா என்று பெரியவர்கள் முக்குக்கு முக்கு நின்று குறித்துக்கொள்கிறார்கள். சகலையோ பல வருஷமாக அங்கே இருந்தும் ஆபீசுக்குக் காரில் போகிறவர்.

"பெரியப்பா, கை!" என்று முதல் திருப்பத்திலேயே அதட்டல் வந்தது. நம் ஊரில் ஆட்டோக்காரர் காலை நீட்டுவதையே சிக்னலாக ஏற்றுக்கொண்ட எனக்குக் கையை நீட்டுவதில் ஆட்சேபணை இல்லை.

நூனனில் 1883 முதல் 1885 வரை ஓவியர் வான்கோ வாழ்ந்தார். உருளைக்கிழங்கு தின்னும் குடும்பத்தை அங்கேதான் வரைந்தார். அவர் நினைவாக இரவில் ஒளிரும் கற்கள் பதித்த சைக்கிள் பாதை ஒன்றையும் 2014-இல் போட்டிருக்கிறார்கள். நாங்கள் போனது பட்டப்பகல். கல் கல்லாகவே இருந்தது.

சங்கதி அதற்குப் பிறகு வந்த ஒரு குறுக்குச் சாலையில்தான். அந்த நாட்டுச் சந்திப்புகளில் தரையில் வெள்ளை முக்கோணங்களை வரிசையாக வரைந்திருப்பார்கள். சுறாப் பல் என்று அதற்குப் பெயர். கூர்முனை யாரைப் பார்த்து நீள்கிறதோ அவர் நிற்க வேண்டும், மற்றவர் போகலாம். அவ்வளவுதான் இலக்கணம். அன்று பல் காரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. கார் நின்றது. சகலையும் நின்றார்.

கார் ஓட்டிவந்த அம்மாள், போங்கள் என்று கையைக் காட்டினார். சகலை பெருந்தன்மையாக, நீங்க போங்க என்று கையைக் காட்டினார். அந்த அம்மாள் மறுபடியும் காட்டினார். இவரும் மறுபடியும், இந்தத் தடவை லேசாகத் தலையைச் சாய்த்து. கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் ஒருவரையொருவர் உட்காரச் சொல்வதுபோல இது வளர்ந்துகொண்டே போனது. எங்களுக்குப் பின்னால் மின்சார சைக்கிளில் ஒரு பாட்டி, பள்ளிக்கூடப் பைகளோடு நாலைந்து பையன்கள் என்று ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. ஒருவரும் சத்தம் போடவில்லை. பாட்டி மட்டும் ஒரே ஒரு தடவை மணியடித்தார். நாலு பேர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

"அப்பா, அவங்க போகக் கூடாது, அங்க பல் இருக்கு. நீ போனாத்தான் அவங்க போக முடியும்" என்றாள் மகள். சகலை பெடலை மிதித்தார். "மரியாதைக்குச் சொன்னேன்" என்று பிறகு என்னிடம் முனகினார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ரோட்டில் பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி ஒதுங்கும். அங்கே கோடு எதுவும் இல்லாத தெருமுனைகளில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. 2001 மே மாதம் வரை காருக்கு எதிரே சைக்கிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கப்புறம் உண்டு. ஒரு பொடியன் வலப்பக்கச் சந்திலிருந்து குட்டி சைக்கிளில் வந்தான். பால் லாரி ஒன்று அவனுக்காக நின்றது. அவன் லாரியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு தேங்க்ஸ் சொன்னா கொறைஞ்சா போயிடுவான்?" என்று சகலைதான் பொருமினார்.

சில சிக்னல்களில், வலப்பக்கம் திரும்பும் சைக்கிளுக்குச் சிவப்பு பொருந்தாது என்று ஒரு பலகை தொங்கும். மகள் விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டாள். சகலை பச்சை விழும்வரை அசையவில்லை. "எனக்கு மனசு வரலை சகலை" என்றார்.

என் மனசு வேறு காரணத்துக்காக எரிந்தது. போலீஸ் வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பையன் கேரியரில் ஒரு பெண்ணை உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போனான். உள்ளே இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே டபுள்ஸ் சட்டப்படி செல்லும். இரண்டு சைக்கிள் ஜோடி சேர்ந்து பேசிக்கொண்டே போகலாம். ஹெல்மெட் போட வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆனால் இருட்டில் விளக்கில்லாமல் போனால் பிடித்துவிடுவார்கள். அந்த விளக்கும் நின்று எரிய வேண்டும், கண்சிமிட்டக் கூடாது.

செல்போன் விஷயத்தில் இரக்கமே இல்லை. 2019 ஜூலை 1 முதல் ஓடும் சைக்கிளில் போனைக் கையில் பிடிப்பதே குற்றம். ஆரம்பத்தில் அபராதம் 95 யூரோ. கையில் மேப்பை வைத்துக்கொண்டு வழி தேடலாம் என்றிருந்த சகலையின் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. அதனால் குறைந்துபோனது எதுவும் இல்லை. ஹ்யூகோ போலன் என்ற பெல்ஜியச் சுரங்கப் பொறியாளர், 1990களில் சைக்கிள் பாதைகள் சேரும் இடத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். எல்லை தாண்டி அது நெதர்லாந்து முழுக்கப் பரவிவிட்டது. போகவேண்டிய எண்களை வரிசையாகத் துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், மூலைக்கு மூலை பலகை அடுத்த எண்ணைக் காட்டிவிடும். டென் பாஸ் வரை யாரிடமும் வழி கேட்கவில்லை. வழி கேட்டு, அப்படியே டீக்கடையில் உட்கார்ந்து பேசும் சுகம் போனதுதான் மிச்சம்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வாடகைக் கடையில் கைப்பிரேக் இருக்கிற சைக்கிளாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே பல சைக்கிள்களில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் அதுதான் பிரேக். இறக்கத்தில் பெடலைப் பின்னால் சுற்றி டிக்டிக் சத்தம் கேட்கிற பழக்கம் உள்ள நம் ஆட்கள் அந்தச் சத்தத்துக்குப் பதில் வண்டி நிற்கிற சத்தத்தைக் கேட்பார்கள். அடுத்தது, சந்திப்பில் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதோடு தரையையும் பாருங்கள். பல் அவர் பக்கம் இருந்து, அவர் நின்றும்விட்டால், தயவுசெய்து உபசாரம் பண்ணாமல் போய்விடுங்கள். பின்னால் பாட்டி காத்துக்கொண்டிருப்பார்.