ஹனோயில் ஒரு லட்சாதிபதி

முதல் வெளிநாட்டுப் பயணம் வியட்நாம் என்று முடிவானதும் எக்செல் தாளைத் திறந்தேன். விமானம், இ-விசாவுக்கு 25 டாலர், விடுதிப் படுக்கை எல்லாவற்றையும் பைசா பிசகாமல் எழுதிவிட்டு, சாப்பாட்டுக் கட்டத்தில் மட்டும் 'பார்த்துக்கலாம்' என்று போட்டிருந்தேன். பட்ஜெட் கவிழ்ந்தது அங்கேதான்.

ஹனோயில் பணம் மாற்றிய கையோடு நான் லட்சாதிபதி. 5,00,000 டாங்குக்கு அங்கே ஒற்றை நோட்டே உண்டு. அந்தத் திமிரோடு நடைபாதைக் கடைக்குப் போனால், உட்காரக் கொடுத்தது எல்.கே.ஜி. பிள்ளை உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முழங்கால் இரண்டும் காதைத் தொட, நடுவே ஃபோ சூப் கிண்ணம். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு இறக்கிய சாறு. பட்டையும் அன்னாசிப்பூவும் மணத்தன. (பிரியாணிக்கு மட்டும்தான் அந்தப் பூ என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.) குச்சியால் தூக்கிய நூடுல்ஸில் பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு.

2016இல் ஒபாமாவும் சமையல் கலைஞர் ஆன்டனி போர்டெய்னும் இதே ஊரில், இதே மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து புன் சா என்ற சுட்ட பன்றிக்கறி நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். பில் 6 டாலர், கொடுத்தது போர்டெய்ன். அந்த மேசையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். என் ஸ்டூலையோ, நான் எழுந்த நொடியே அடுத்தவருக்கு இழுத்துப் போட்டார்கள்.

சாப்பாடு மலிவுதான், சந்தேகமே இல்லை. பான் மி சாண்ட்விச், முட்டைக் காபி என்று இந்த ஆள் நாளுக்கு ஆறு வேளை சாப்பிடுவான் என்பதுதான் எக்செல் தாளுக்குத் தெரியவில்லை.