ராடாரின் அப்பாவுக்கு ஃபைன்!

சர் ராபர்ட் வாட்சன்-வாட் சாதாரண ஆசாமி இல்லை. ஹிட்லரின் விமானங்கள் கடலைத் தாண்டுவதற்குள் மோப்பம் பிடித்துச் சொன்ன பிரிட்டிஷ் ராடாரின் தந்தை. 1942-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. கிடைத்த கையோடு, 'வாட்சன்', 'வாட்' என்று தனித்தனியாக இருந்த பெயருக்கு நடுவே ஸ்டைலாக ஒரு கோடும் போட்டுக்கொண்டார். போர் முடிந்தபின் அரசாங்கம் அள்ளிக் கொடுத்தது சுமார் 50,000 பவுண்டு. கனடாவில் போய் செட்டில் ஆனார். 1950-களில் ஒருநாள் காரில் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தவரை அங்கே போலீஸ் மடக்கியது. ஓவர் ஸ்பீடு! அபராதம் பன்னிரண்டரை டாலர். வேகத்தை எதை வைத்துப் பிடித்தார்கள் என்று கேட்கிறீர்களா? ராடார்தான், வேறென்ன!

மனிதர் நல்ல ஸ்போர்ட். தன்னையே கிண்டலடித்து ஒரு கவிதை எழுதிவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் சரித்திரத்தில் ஏராளம். அதை எதுகை மோனையோடு பாடியவர் அநேகமாக இவர் ஒருவர்தான்.

இந்த ராடார் பிறந்த கதையில் ஒரு ஆடு வருகிறது. சிரிக்காதீர்கள். 1930-களில் பிரிட்டிஷ் விமானத்துறைக்கு 'மரணக் கதிர்' பைத்தியம். நூறு கஜ தூரத்திலிருந்து கதிரைப் பாய்ச்சி ஓர் ஆட்டைக் கொன்று காட்டுபவருக்கு 1,000 பவுண்டு பரிசு! நிறையப் பேர் வீரவசனம் பேசினார்கள். ஆடுகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

கடைசியில் வாட்சன்-வாட்டிடம் யோசனை கேட்டார்கள். அவர் எந்த மேனேஜரும் செய்வதைச் செய்தார்: வேலையை உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸ் தலையில் தள்ளினார். பரம ரகசியமாம், அதனால் கேள்வியை மாறுவேடத்தில் அனுப்பினார். ஐந்து கிலோமீட்டர் தூரத்தில், ஒரு கிலோமீட்டர் உயரத்தில் எட்டு பைன்ட் தண்ணீர் இருக்கிறது. அதை 98 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு மின்சக்தி வேண்டும்? வில்கின்ஸுக்கு மண்டையில் பல்பு எரிந்தது. எட்டு பைன்ட் என்றால் மனித ரத்தம், 98 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் மனித உடம்பு. ஓஹோ, பாஸ் பைலட்டை வேகவைக்கப் பார்க்கிறார்!

வில்கின்ஸ் கணக்குப் போட்டார். நடக்காத காரியம். ஆனால் விமானம் பறந்தால் ரேடியோ சிக்னல் குழம்புவதாக அஞ்சல்துறை இன்ஜினீயர்கள் புலம்பியது அவருக்கு ஞாபகம் வந்தது. வேகவைக்க முடியாவிட்டால் போகிறது, எங்கே இருக்கிறான் என்றாவது கண்டுபிடிக்கலாமே? 1935 பிப்ரவரி 26. டேவன்ட்ரி ஊர்ப்பக்கம் ஒரு வயல், வயலில் ஒரு வேன், காற்றில் பிபிசியின் சிற்றலை, வானத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம். வேனுக்குள் திரையில் இருந்த புள்ளி நெளிந்தது. கணக்குப் போட்டவர் வில்கின்ஸ். மாலை விழுந்த கழுத்து யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, போலீஸுக்கும் டிரைவருக்கும் நடக்கும் கண்ணாமூச்சி ராடாருக்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது. 1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கார் வைத்திருந்தவர்கள் பெரும் பணக்காரர்கள். உச்ச வேகம் மணிக்கு 20 மைல். வேலிப் புதருக்குள் ஸ்டாப்வாட்ச் சகிதம் போலீஸ்காரர்கள் பதுங்கியிருப்பார்கள். பிரபுக்கள் கொதித்துப்போய் 1905-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள்: ஆட்டோமொபைல் அசோசியேஷன். என்ன லட்சியம்? சைக்கிளில் ஆளை அனுப்பி, எந்தப் புதரில் போலீஸ் என்று உறுப்பினர்களுக்கு உளவு சொல்வது! இன்றைக்கு ரோட்டில் நின்றுபோன காருக்கு உதவ ஓடிவரும் அதே மதிப்புமிக்க ஸ்தாபனம்தான். பூர்வாசிரமத்தில் கொஞ்சம் அப்படி இப்படி.

1910-இல் நீதிமன்றம் குட்டு வைத்தது. வேகமாக வருகிறவனை எச்சரித்துத் தப்பவிடுவது போலீஸ் கடமைக்கு இடையூறாம். சங்கத்து மூளைகள் உட்கார்ந்து யோசித்தன. நம் ஆட்கள் உறுப்பினர் காரைப் பார்த்ததும் சல்யூட் அடிப்பது வழக்கம்தானே? ஆபத்து இருந்தால் அடிக்காமல் விட்டுவிட்டால் போச்சு! கையைத் தூக்காத குற்றத்துக்கு எந்த மாஜிஸ்திரேட் தண்டனை கொடுப்பார்? மற்ற இடங்களில் வணக்கம் வைக்காதவனைக் கண்டால் மீசை துடிக்கும் பிரபுக்கள், இங்கே மட்டும் பவ்யமாக பிரேக்கை மிதித்தார்கள்.

நம்மூரில் எதிரே வரும் லாரி ஹெட்லைட்டை இரண்டு தரம் சிமிட்டிவிட்டுப் போகிறதே, அது இந்த சல்யூட்டுக்குப் பேரன் முறை.

அமெரிக்காவுக்கு வருவோம். ராணுவ விமானச் சக்கரங்களைச் சோதிப்பதற்காக உருவான ராடார் ஒன்று, 1947-இல் கனெக்டிகட் மாநிலத்து கிளாஸ்டன்பரி சாலையோரத்தில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் 1974-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, நாடு முழுக்க 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டத்தில் கையெழுத்துப் போட்டார் நிக்சன். தேசத்துக்கே ஒழுக்கம் போதித்த புண்ணியவான் அதே ஆண்டு ஆகஸ்டில் வாட்டர்கேட்டில் சிக்கிப் பதவியை விட்டுப் போனார். 55 மட்டும் போகவில்லை.

விளைவு, ரோட்டில் போகிற அத்தனை பேரும் குற்றவாளி. அப்போது கொடிகட்டிப் பறந்தது, போலீஸ் ராடாரை மோப்பம் பிடித்து டிரைவரை எச்சரிக்கும் 'ஃபஸ்பஸ்டர்' என்ற டிடெக்டர் டப்பா. அதை உருவாக்கிய டேல் ஸ்மித்துக்கு உந்துதலே அவர் வாங்கிய ஸ்பீடிங் டிக்கெட்தான் என்பார்கள். 1978-இல் இரண்டு இன்ஜினீயர்கள் இன்னும் கூர்மையான காதோடு 'எஸ்கார்ட்' கொண்டுவந்தார்கள். தத்துவம் ரொம்ப சிம்பிள். போலீஸின் ராடார் துப்பாக்கியிலிருந்து வரும் அலை காரில் மோதித் திரும்பிப் போய்ச் சேர்ந்தால்தான் வேகம் தெரியும்; டிடெக்டருக்கோ ஒருவழிப் பயணம் போதும். ஆகவே போலீஸுக்கு நீங்கள் தெரியும் முன்பே போலீஸை உங்களுக்குத் தெரியும். திருடன் ஜெயித்தான் என்று விசில் அடிக்காதீர்கள், இருங்கள்.

போலீஸ் தரப்பிலும் காமெடிக்குப் பஞ்சமில்லை. 1979-இல் மயாமியில் ஒரு டிவி நிருபர் ராடாரை நீட்டிக் காட்டினார். ஒரு பனை மரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் போவதாகச் சொன்னது கருவி. ஒரு வீடு 28 மைல். வீடு டிராஃபிக் ரூல்ஸை மதிக்கிற வீடு!

இப்போது ஒரு டிடெக்டர் வாங்கலாமா என்று உங்களுக்குக் கை அரிக்கலாம். இது அதிகம் கத்துகிற சாதனமாயிற்றே என்று கத்தலைப் பார்த்து வாங்காதீர்கள். சூப்பர் மார்க்கெட்டின் தானியங்கிக் கதவு, பக்கத்து லேன் காரின் சென்சார் எல்லாம் போலீஸ் அலைவரிசையிலேயே பேசுகின்றன. மலிவு மாடல் ஒவ்வொரு மளிகைக் கடைக்கும் ஒப்பாரி வைக்கும். தேவையில்லாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் விலை. லேசர் துப்பாக்கி என்றால் இன்னும் விசேஷம்: அதன் கதிர் ஊசிமுனை மாதிரி, டிடெக்டர் அலறும்போது உங்கள் வேகத்தைக் குறித்து முடித்திருப்பார்கள். அந்த அலறல் எச்சரிக்கை இல்லை, அனுதாபம்.

வர்ஜீனியா பக்கம் போனால் ஜாக்கிரதை. அங்கே டிடெக்டரே சட்டவிரோதம். டிடெக்டருக்குள்ளிருந்தும் மெல்லிய அலை கசியும் அல்லவா? அதைப் பிடிக்க போலீஸ் வாங்கியது ராடார் டிடெக்டர் டிடெக்டர். உடனே கம்பெனிக்காரர்கள் டிடெக்டர் டிடெக்டரைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் தயாரித்தார்கள். இந்த இடத்தில் எனக்கே ஒரு சோடா தேவைப்படுகிறது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் ஐடியா ஒன்று பிறகு வந்தது. சாலைப் பணி நடக்கும் இடங்களில் சும்மா ஒரு டப்பாவை வைத்துவிட்டார்கள். போலீஸ் கிடையாது, கேமரா கிடையாது, வேகம் அளப்பதும் கிடையாது. வெறுமனே ராடார் அலையை மட்டும் வீசிக்கொண்டிருக்கும். நூற்றுக்கணக்கில் டாலர் கொட்டி உயர்ரக டிடெக்டர் மாட்டியவர் பதறியடித்து பிரேக் போடுவார். டிடெக்டரே இல்லாதவர், ஏன் இந்த ஆள் திடீரென்று ஊர்கிறார் என்று ஹாரன் அடித்துவிட்டு, ஓவர்டேக் செய்து போய்க்கொண்டே இருப்பார்.