லண்டனில் எல்லாமே பிரில்லியண்ட்!

“அன்புள்ள மாமாவுக்கு, நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்குகிறது லண்டனிலிருந்து கோபிநத்தத்துக்கு வந்த கடிதம். எழுதியவர் அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் மருமகப்பிள்ளை. முதல் பக்கம் முழுக்கப் புலம்பல். இந்த வெள்ளைக்காரர்கள் எப்போது பாராட்டுகிறார்கள், எப்போது சும்மா சொல்கிறார்கள் என்றே பிடிபடவில்லையாம்.

கடையில் சரியான சில்லறையை நீட்டினால் “பிரில்லியண்ட்!” என்கிறார்கள். கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தால் “லவ்லி!” பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கியபோதுகூட மாமா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரவில்லையே என்று நடுவில் ஒரு குத்தல். ஆனால், ராத்திரி பகலாக உட்கார்ந்து ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்த அன்று மேலதிகாரி சொன்னது, “நாட் பேட்”. பையனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. அவர் வாயில் அதற்குமேல் பாராட்டு வராது என்று பக்கத்து மேசைக்காரர் விளக்கிய பிறகே சோறு இறங்கியிருக்கிறது. “குவைட் குட்” இன்னும் ஆபத்து. அமெரிக்கர் சொன்னால் ரொம்ப நன்று; ஆங்கிலேயர் சொன்னால் பெரும்பாலும் சுமார்தான்.

உடன் தங்கியிருக்கும் சேலத்துக்காரர், மேலாளர் அம்மாளின் பிறந்தநாளுக்கு “கங்கிராஜுலேஷன்ஸ்” சொல்ல, அவர் “எதற்கு?” என்று முழித்தாராம். நியாயந்தானே, பிறந்ததில் அவர் சாதனை என்ன? அது பரீட்சைக்கும் பதவி உயர்வுக்கும் கல்யாணத்துக்கும் உரியது. கல்யாணத்திலும் அந்நாட்டுப் பழைய நாகரிகக் கையேடுகள் ஒரு வில்லங்கம் வைத்திருந்தன. மாப்பிள்ளைக்கு மட்டுமே அதைச் சொல்ல வேண்டும். மணப்பெண்ணுக்குச் சொன்னால், ‘ஒருவழியாக ஆளை மடக்கிவிட்டாய்’ என்று ஆகிவிடுமாம்!

மாமாவின் பதில் சுருக்கம். “கடிதம் பரவாயில்லை. நம்மூரில் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று உனக்குத் தெரியாதா?”

கீழே இன்னொன்றும் எழுதியிருந்தார். கோபிநத்தம் ஊருக்காக உழைத்த வனத்துறை அதிகாரி ஸ்ரீனிவாஸை 1991 நவம்பரில் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் கொன்றான். அரசு கீர்த்தி சக்ரா கொடுத்தது. ஊர்க்காரர்கள் பட்டமோ பாராட்டுப் பத்திரமோ கொடுக்கவில்லை. அவர் முயற்சியில் எழுந்த மாரியம்மன் கோவிலில் அவர் படத்தையும் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

“இதை உன் மேலதிகாரியிடம் சொல்லி, என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது.”