வாசற்கேமரா அலைவலு இயல்

வாசற்கேமரா என்பது வீட்டுக்கு வெளியே, சன்ஷேடுக்கு அடியிலோ கேட் தூணின் தலையிலோ பொருத்தப்பட்டு, உள்ளே இருக்கும் வைஃபை ரவுட்டரோடு கம்பியின்றி உறவு வைத்திருக்கும் கருவி. திருடரைப் பிடிப்பது இதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். நடைமுறையில், பால் பாக்கெட் வந்துவிட்டதா என்று படுக்கையிலிருந்தே பார்க்கவும், விடியற்காலையில் செம்பருத்தி பறித்துச் செல்பவர் யார் என்று துப்புத் துலக்கவும் இது பயன்படுகிறது. எல்லா நோக்கங்களுக்கும் இடையூறு ஒன்றே: உரிய வேளையில் திரையில் ஒரு வட்டம் சுழல்வது. ஐந்திணை மரபில் வைத்துப் பார்த்தால் கேட் பாலை நிலம். அதன் உரிப்பொருள் பிரிதல்.

இத்துறையின் முன்னோடி ஜகதீச சந்திர போஸ். 1895இல் கல்கத்தாவில் அவர் மின்காந்த அலையைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்தி, மறுபுறம் மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்ற வைத்தார். ஆகவே, சுவரைத் தாண்டி அலை போகும் என்பதில் ஐயம் எழ இடமில்லை. தாண்டிய பின் எவ்வளவு மிஞ்சும் என்பதே வழக்கு. வீட்டு வாசலுக்குக் கேமரா வைக்கும் யோசனை நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுனுடையது. கணவரோடு சேர்ந்து 1969இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வைஃபையின் முதல் தரநிலை 1997இல் வந்தபோது அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். இன்றைய 1080பி கேமரா ஒன்றே ஏறத்தாழ அவ்வளவையும் கேட்கும்.

அலைவலு டிபிஎம் என்னும் அலகில், மைனஸ் குறியோடு அளக்கப்படுகிறது. மைனஸ் 50 செழிப்பு. மைனஸ் 65 வரை குறையொன்றும் இல்லை. மைனஸ் 70ஐத் தாண்டினால் படம் திணறும். மைனஸ் 80இல் கேமரா பெயரளவுக்கு உயிரோடு இருக்கும். செயலியில் 80 என்ற எண்ணைக் கண்டு டிஸ்டிங்ஷன் என்று மகிழும் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 3 டெசிபெல் குறைந்தால் வலு பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் போவது 6 டெசிபெல் மட்டுமே. ஆகவே வீட்டாரின் புகாரில் தூரத்துக்கு இருக்கும் இடம் மிகை. சுவருக்குரிய இடம் குறை.

வலு குறைந்தால் படம் மங்குவதில்லை. கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. கேமரா ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. எப்போதாவது ஒரு முழுப்படம், இடையில் மாற்றங்கள் மட்டும் என்பதே அதன் சிக்கனம். அந்த முழுப்படத்தில் ஒரு துண்டு வழியில் தொலைந்தால், அடுத்த முழுப்படம் வரும்வரை செம்பருத்தி பறிப்பவருக்கு முகம் கிடையாது. அசைவு அதிகமானால் அனுப்பவேண்டிய தரவும் அதிகமாகும் என்பதால், வெறும் கேட் தெளிவாகத் தெரிவதும் ஆள் வந்ததும் குலைவதும் இயற்கையே. இதில் சதி ஏதுமில்லை.

இனி கருப்பொருள்கள். செங்கல் சுவர் சில டெசிபெல்லோடு விட்டுவிடும். கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் 10 டெசிபெல்லுக்கு மேல் கேட்கும். அத்தகைய இரண்டைக் கடந்த அலையில் நூற்றில் ஒரு பங்கும் தேறாது. இரும்புப் பீரோவும் ஃபிரிட்ஜும் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், எனவே நிரம்பிய தொட்டிக்குப் பின்னால் கேமரா வைப்பது வீண். மழையைப் பழிப்பது தவறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை இந்தச் சிறு தொலைவில் மழைத்துளி பொருட்படுத்தும்படி தடுக்காது. நனைந்த சுவரும் ஈர இலைகள் அடர்ந்த மாமரமுமே தடுக்கின்றன.

இவற்றுள் அதிகம் ஆராயப்படாதது கொசுவலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சன்னல் கிரில்லின் அகன்ற இடைவெளி வழியே அது பெரிய நட்டமின்றி வெளியேறும். ஆனால் ஸ்டீல் கொசுவலையின் கண்கள் ஓரிரு மில்லிமீட்டர்தான். அவற்றின் வழியே கொசுவும் போகாது, அலையும் பெரும்பாலும் போகாது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் உள்ள துளைத் தகடும் இதே நெறிப்படி வேலை செய்கிறது. நைலான் வலைக்கு இந்தக் குணம் கிடையாது. டெங்குவையும் திருட்டையும் ஒருசேர அஞ்சும் இல்லங்கள் நைலானுக்கு மாறுவது உத்தமம்.

கேமரா இருக்கும் புள்ளியும் முக்கியம். சுவரிலும் கேட்டிலும் மோதித் திரும்பிய அலைகள் நேரே வந்த அலையோடு கலந்து, சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும். அத்தகைய பள்ளங்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்றாக, சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் அமையக்கூடும். ஆகவே கேமராவை ஓரிரு விரற்கடை நகர்த்திப் பார்ப்பது மூடநம்பிக்கை ஆகாது.

இவ்வியலின் நடுநாயகம் ரவுட்டரின் இருக்கை. அது பௌதிகத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை. ஃபைபர் இணைப்புத் தர வந்தவர் எந்தச் சுவரில் டிரில் போட்டாரோ, எந்த பிளக் பாயின்ட் காலியாக இருந்ததோ, அங்கேயே ரவுட்டர் குடியேறுகிறது. பெரும்பாலும் அது டிவிக்குப் பின்புறம், ஷோகேஸின் உள்தட்டு, அல்லது கோப்பைகளுக்கும் திருமணப் படத்துக்கும் நடுவே. வாசலை நோக்கிய சன்னலுக்கு அருகே, ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் அதை வைத்தால் பல வீடுகளில் வேறெதுவும் தேவைப்படாது. இருந்தும் வீட்டார் புது ரவுட்டர் வாங்குவார்கள். பழையதை மூன்று மீட்டர் நகர்த்தமாட்டார்கள். ஷோகேஸின் அழகு கெடும் என்ற எதிர்வாதத்துக்கு டெசிபெல்லில் பதில் கிடையாது.

நகர்த்த மறுப்போர் இரு பள்ளிகளாகப் பிரிவர். முதலாவது மறுதொடக்கப் பள்ளி: அணைத்துப் போட்டால் சரியாகும் என்பது அதன் கொள்கை. இதை எள்ளுவதற்கில்லை. சேனலைத் தானே தேர்ந்தெடுக்கும் ரவுட்டர், புதிதாக எழும்போது நெரிசல் குறைந்த சேனலைப் பிடிக்க வாய்ப்புண்டு. ஒன்றையொன்று இடிக்காத 1, 6, 11 ஆகியவற்றுள் பக்கத்து வீட்டார் ஆளாத ஒன்றைக் கைப்பட அமைத்துவிட்டால் இந்தச் சடங்கு தேவைப்படாது.

இரண்டாவது ஆண்டெனாப் பள்ளி. தூர்தர்ஷன் காலத்தில் மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழிருந்து ஒருவர் “வருது, வருது, போச்சு” என்று கூவிய பரம்பரையின் வாரிசுகள் இவர்கள். கடற்கரை ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினி பார்க்கக் குழாயை மேலும் உயர்த்திய கிளையும் உண்டு. அன்றைய மாடி ஆண்டெனா, 1926இல் ஜப்பானில் பிறந்த யாகி-உடா வகை; நீட்டிய திசையிலிருந்து நன்றாக வாங்கும். ரவுட்டரின் குச்சியோ பக்கவாட்டில் சுற்றிலும் அலையைப் பரப்பும். அதன் நுனி காட்டும் திசையில்தான் அலை மிகக் குறைவு. குச்சியைக் கேட்டை நோக்கி நீட்டுவது, கேட்டைப் பட்டினி போடுவதாகும். ஒரே தளம் என்றால் குச்சி நேராக நிற்கட்டும். ரவுட்டர் மாடியிலும் கேமரா கீழேயும் இருந்தால் ஒரு குச்சியைக் கிடையாகச் சாய்க்கலாம்.

ரவுட்டரின் வலுவைக் கூட்டுவதால் பாதிச் சிக்கலே தீரும். படம் வருவது கேமராவிலிருந்து ரவுட்டருக்கு என்பதால், கேமராவின் சிறிய ஆண்டெனாவும் எட்ட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரில் இன்னும் விரைவாக மடிவதால் வாசலுக்கு 2.4தான் கதி. எக்ஸ்டெண்டர் வாங்குவோர் அதைக் கேமராவின் காலடியில் வைக்கின்றனர். வலு ஏற்கெனவே செத்த இடத்தில் அது செத்ததையே பெருக்கும். நடுவழியில், நல்ல சிக்னல் மிஞ்சியுள்ள இடத்தில் வைப்பதே முறை. மெமரி கார்டு செருகிய கேமரா, இணைப்பு அறுந்தபோதும் பதிந்துகொண்டிருக்கும் என்பதும் செம்பருத்தி வழக்கில் பயன்படும்.

இத்தனைக்கும் பிறகு வட்டம் சுழன்றால், கம்பியில்லா இணைப்பை மேம்படுத்த மிஞ்சுவது கம்பி. பிஓஇ வசதியுள்ள கேமராவுக்கு ஒரே ஈதர்நெட் கம்பியில் தரவும் மின்சாரமும் போய்ச் சேரும். அதன் எல்லை 100 மீட்டர். ஹாலிலிருந்து கேட் அதற்கும் அப்பால் இருப்பவர்களுக்குக் காவலாளி வைக்கும் வசதி இருக்கும்; அவர்கள் இவ்வியலின் வரம்புக்குள் வரமாட்டார்கள்.